மோர் பெஞ்சும் மதிய மாத்திரையும்

வேங்கிக்காலில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில் பெண்களுக்கென்று ஒரே ஒரு கழிப்பறை இருக்கிறது. வெளியாட்கள் வந்து அசிங்கப்படுத்திவிடுகிறார்கள் என்று அதைப் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி கண்காணிப்பாளரின் மேஜை இழுப்பறையில் இருக்கும். அவர் மீட்டிங்குக்குப் போகும்போது இழுப்பறையையும் பூட்டிக்கொண்டு போய்விடுவார். ஏழு வருடங்களுக்கு முன்னால் எனக்கு இந்த வயிற்று நோய் வந்தபோது, டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே நான் பார்த்த ஆள் பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி அடிக்கிறவர்தான். அந்தச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டுக்கொண்டேன். தாலிச் சரட்டில் நாலைந்து ஊக்கு மாட்டியிருக்கிற இடத்தில் அதுவும் இன்றுவரை தொங்குகிறது. பார்க்கிறவர்கள் பீரோ சாவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை.

என் நோய்க்கு டாக்டர் சொன்ன பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்பக்கம் முழுக்கப் புண். ரத்தமும் சளியுமாகப் போகும். மோசமான நாட்களில் பதினைந்து தடவை போவேன். போய்விட்டு வந்து ஃபைலைத் திறந்தால், திறந்த கையோடு மறுபடியும் எழுந்திருக்க வேண்டியிருக்கும். "பிபி, சுகர் மாதிரின்னு வெச்சுக்கோங்கம்மா. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டா அடங்கி இருக்கும். ஆனா நிறுத்தக்கூடாது" என்றார் டாக்டர். சனிக்கிழமை மட்டும் சென்னையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். நல்ல மனிதர், பாவம். வெளியே அறுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும்போது அவரால் எனக்கு எவ்வளவு நேரம் கொடுக்க முடியும்? எத்தனை தடவை போகிறது, ரத்தம் உண்டா இல்லையா, அடுத்த செக்கப் எப்போது. எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

வயிற்று நோய் என்றால் நம் ஊரில் எல்லாருமே டாக்டர். பக்கத்து சீட்டுக்காரி வெந்தயத்தை மோரில் ஊற வைக்கச் சொன்னாள். தபால் பிரிவில் இருக்கிறவர் மாதுளம்பழத்து ஓட்டைக் காயவைத்துப் பொடி செய்து பொட்டலமாகவே கொண்டுவந்து கொடுத்தார். ரமணாசிரமம் பக்கம் வீடு வாடகைக்கு விட்டிருக்கும் என் அத்தை மகள், அவள் வீட்டில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரி அருகம்புல் சாறு குடித்தே இதைக் குணப்படுத்திக்கொண்டாள் என்றாள். கண்காணிப்பாளர் மட்டும் மருந்தே வேண்டாம் என்றார். "பேசாம ஒரு பன்னெண்டு பௌர்ணமி மலையைச் சுத்துங்க மேடம். எல்லாம் போயிடும்." பதினாலு கிலோமீட்டர். வழியில் எட்டு லிங்கம் இருப்பது ஊருக்கே தெரியும். எத்தனை கழிப்பறை இருக்கிறது, அதில் எது திறந்திருக்கும், எதில் தண்ணீர் வரும் என்பது எனக்குத்தான் தெரியும். அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்றைக்கே அந்த இழுப்பறையை உடைத்திருக்கலாம்.

முதல் இரண்டு வருடம் மாத்திரை பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. நடுவில் ஸ்டீராய்டு கொடுத்தார்கள். முகம் ஊதிக்கொண்டது. ஒரு கல்யாண வீட்டில், "இப்பதான் நல்லா உடம்பு வெச்சு லட்சணமா இருக்கே" என்று ஒரு அம்மாள் என் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தார். அப்போது நான் மண்டபத்தில் கழிப்பறை எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

வாழ்நாள் முழுக்க மாத்திரை என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் யாராலும் விழுங்க முடியவில்லை. குறிப்பாக என் நாத்தனாரால். அவள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை இழுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனாள். அங்கே கிரிவலப் பாதையிலேயே ஒரு வைத்தியர் இருக்கிறார். வீட்டின் முன் அறையில் நாட்டு மருந்து கொடுக்கிறார். அறுபது வயது இருக்கும். பேனா வைக்கிற சட்டைப் பையில் எப்போதும் ஒரு வில்வ இலை இருக்கும்.

அவர் என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினார். இதை நான் டாக்டரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனால் நோயாளி என்கிற ஜென்மத்துக்கு யாராவது காது கொடுத்தால் போதும், உருகிவிடுகிறது. "பயந்துகினு சாப்பிடாம இருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பஸ்ல போவறப்ப எந்த ஸ்டாப்ல எறங்கலாம்னு பாத்துகினே போவீங்களா?" அதற்கும் ஆமாம். "அழுவீங்களா?" அங்கேயே அழுதேன். என் புருஷன்கூட அதுவரை அதைக் கேட்டதில்லை.

பிஞ்சு வில்வக்காய், குடசப்பாலைப் பட்டை, இன்னும் ஏதேதோ சேர்த்த பொடி. காலையும் மாலையும் மோரில் கலந்து குடிக்க வேண்டும். பத்தியம் கடுமை. புளி, மிளகாய், கத்தரிக்காய், கருவாடு எதுவும் ஆகாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தார். இங்கிலீஷ் மருந்தை நிறுத்த வேண்டும்.

"ரெண்டையும் சேத்து சாப்ட்டா எது கேக்குது, எது கேக்கலைன்னு எனக்குத் தெரியாதுங்க. நாளைக்கு உங்கள மாதிரியே ஒருத்தர் வந்து நின்னா, நான் இன்னா சொல்றது அவங்களுக்கு?"

இப்போது நினைத்தால் அது எவ்வளவு நேர்மையான பேச்சு என்று தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான். அதற்கு முன்னால் ஒருமுறை நானே சலித்துப்போய் மாத்திரையை நிறுத்திப் பார்த்தவள். மூன்றாவது வாரம் தொட்டி முழுக்க ரத்தம். அதை அவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் பொடி கொடுக்க மாட்டாரோ என்று தோன்றியது. அவ்வளவு பிரியமாகப் பேசியவரிடம், உங்களை நம்பி நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை என்று எப்படிச் சொல்வது என்றும் தோன்றியது. "சரிங்க, நிறுத்திடறேன்" என்றேன்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னேன். அவர் எலக்ட்ரீஷியன். எந்த ஒயரை எங்கே கொடுத்தால் எது எரியும் என்று யோசிக்கிற ஆள். இந்த விஷயத்தில் மட்டும், "எதுக்கு வம்பு? ரெண்டையும் சாப்பிடு. ரெண்டு பேர்கிட்டயும் ஆமான்னு சொல்லிட்டு வா" என்றார்.

அப்படியேதான் செய்தேன். காலையும் மாலையும் பொடி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை. செங்கல் நிறத்தில் பெரியதாக இருக்கும் அது. அட்டையோடு வைத்திருந்தால் நாத்தனார் கண்ணில் பட்டுவிடும் என்று, பிரித்து ஒரு சின்ன எவர்சில்வர் சம்புடத்தில் போட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். சனிக்கிழமை டாக்டர், "வேற எதாவது மருந்து எடுக்கறீங்களா?" என்று கேட்பார். "இல்ல சார்" என்பேன். ஞாயிற்றுக்கிழமை வைத்தியர், "அந்த மாத்திரைய மறுபடி தொடலையே?" என்பார். "இல்லைங்க" என்பேன். இரண்டு பேரும் என்னிடம் உண்மை ஒன்றைத்தான் கேட்டார்கள். அது ஒன்றைத் தவிர மற்ற மரியாதை எல்லாம் செய்தேன். தீபாவளிக்கு இருவருக்கும் இனிப்பு டப்பா கொடுத்தேன்.

மூன்று மாதத்தில் ரத்தம் நின்றது. ஆறு மாதத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை என்று ஆனது. டாக்டர் உள்ளே கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, புண் நன்றாக ஆறியிருக்கிறது, இந்த மாத்திரை உங்களுக்குப் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். வைத்தியரும் சந்தோஷப்பட்டார். எது கேட்டது? மாத்திரைதான் மெதுவாகப் பிடித்ததா, பொடியும் ஏதோ உதவியதா, பத்தியமா, ஒரு மனிதர் உட்கார வைத்துக் கேட்டதா? எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நானே அடைத்துவிட்டேன்.

வைத்தியர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவரிடம் குணமானவர்கள் பௌர்ணமியன்று வந்து, கிரிவலம் போகிறவர்களுக்கு நீர்மோர் ஊற்ற வேண்டும். அவர் கட்டணம் என்று எதையும் கறாராகக் கேட்கமாட்டார். இதை மட்டும் கேட்பார். வாசலில் கீற்றுப் பந்தல், ஒரு நீள பெஞ்சு, இரண்டு பெரிய அண்டா. முழங்கால் வலி போனவர், தோல் அரிப்பு போனவர், குழந்தை பிறந்த ஒரு தம்பதி என்று நாலைந்து பேர் அந்த பெஞ்சில் இருப்போம். சாயந்திரம் நாலு மணிக்கு ஆரம்பித்தால் ஆறரை ஏழு வரை. நான் வயிற்று நோய்க்கு. அதாவது, வயிற்று நோய்க்காரர்கள் யார் வந்தாலும் வைத்தியர் உள்ளே கூப்பிட்டுப் பேசிவிட்டு, வெளியே கூட்டிவந்து என்னைக் காட்டுவார். "மேடம் கவர்மெண்ட் ஆபீஸ்ல இருக்காங்க. அவங்களையே கேளுங்க." நான் சிரித்துத் தலையாட்டுவேன். கையில் மோர்ச் சொம்பு இருக்கிறபோது வாயைத் திறந்து அதிகம் சொல்லத் தேவையில்லை. பெஞ்சுக்குக் கீழே என் கைப்பை இருக்கும். பைக்குள் சம்புடம் இருக்கும். மூன்று வருடம் இப்படி மோர் ஊற்றினேன்.

போன வருடம் ஒரு பௌர்ணமியில் அந்தப் பெண் வந்தாள்.

வைத்தியர் சொல்வதற்கு முன்பே அவளுக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாதை முழுக்க ஜனம். வருகிறவர்கள் எல்லாம் மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு போகிறார்கள். புர்கா போட்ட இரண்டு பேர் கூட்டத்தோடு நடந்து வந்தார்கள். அன்று அந்தப் பக்கம் ஆட்டோ எதையும் விடவில்லை. மூத்தவர் வீட்டு நம்பர் பார்த்துக்கொண்டு வந்தார். இளையவள் எதிரே இருந்த கட்டணக் கழிப்பறையைப் பார்த்தாள், அதன் வரிசையைப் பார்த்தாள், வரிசையில் எத்தனை பேர் என்று உதட்டை அசைத்து எண்ணினாள். அது என் கண். அதை வேறு யாரும் இரவல் வாங்க முடியாது. நான் எழுந்துபோய் வைத்தியர் வீட்டுப் பின்பக்கக் கழிப்பறையைக் காட்டினேன். அவள் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. ஓடினாள். அந்த நிமிடமே அவள்மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது.

தேரடித் தெருப் பக்கம் அவர்களுக்கு வளையல் கடை. அவள் அப்பாவின் தாத்தா காலத்திலிருந்து இந்த ஊர்தானாம். பெண்ணுக்கு இருபத்து நாலு வயது. ஒன்றரை வருடமாக அதே நோய். அதே செங்கல் நிற மாத்திரை. மாத்திரையில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள், நாலு மாதத்தில் தேதி. மாப்பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு தினமும் மூன்று வேளை மாத்திரையைப் பிரித்துக்கொண்டிருந்தால் என்ன கேட்பார்கள், என்ன சொல்வது? அதற்குள் மாத்திரை இல்லாமலே சரியாகிவிட வேண்டும். அதுதான் அவர்கள் கிரிவலக் கூட்டத்தில் நடந்து வந்ததற்குக் காரணம்.

வைத்தியர் வழக்கம்போல வெளியே கூட்டிவந்தார். "மேடத்தையே கேளுங்க."

கூட வந்த மூத்தவர், அவள் அம்மா, கேட்கவில்லை. அந்தப் பெண்தான் கேட்டாள். முகத்திரையை விலக்கி, என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "நெஜமாவே நிறுத்திட்டீங்களாக்கா? பயமா இல்லையா?"

வைத்தியர் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். வில்வ இலை பையில் எட்டிப் பார்த்தது. பெஞ்சில் மற்ற மூன்று பேரும் எங்களையே பார்த்தார்கள். அன்று மதியம்தான் இரண்டு மாத்திரை போட்டிருந்தேன். வாய் திறந்து ஒரு வார்த்தை. "ஆமாம்மா" என்றேன். பிறகு, கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கேன், பாரு."

அம்மா என் போன் நம்பரை வாங்கிக்கொண்டார். மறுநாளே மகள் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியை ஆரம்பித்துவிட்டாள்.

வாரத்துக்கு ஒரு தடவை பேசுவார். "ரசம் குடுக்கலாமாம்மா? புளி கம்மியா போட்டு?" "நோம்புக் கஞ்சியில பூண்டு ஜாஸ்தி இருக்கு, பரவாயில்லையா?" எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் போனை வைத்த பிறகு, அடுத்த தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். என் புருஷனிடம் சொன்னேன். "நீ போய் எதையாவது சொல்லி, அந்த வைத்தியர் மனசு கஷ்டப்படப்போவுது" என்றார். யார் மனசும் கஷ்டப்படக்கூடாது என்கிற ஒரு வியாதி எங்கள் வீட்டில் எல்லாருக்கும் உண்டு. அதற்கு மருந்தும் இல்லை, பத்தியமும் இல்லை.

ஐந்தாவது வாரம் அந்த அம்மாவின் குரல் மாறியிருந்தது. "ஆறு தடவ போவுதும்மா. லேசா ரத்தம் மாதிரி தெரியுதுன்னு சொல்றா."

இங்கேதான் நான் நின்றிருக்க வேண்டும். மேஜைமேல் ஃபைல் திறந்திருந்தது, கண்காணிப்பாளர் எதிரே நின்றார், ஏதோ அவசர அறிக்கை. இதெல்லாம் சாக்கு. "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். போகப்போக சரியாயிடும்" என்றேன். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வைத்தியர்கூடச் சொல்லியிருக்க மாட்டார். ரத்தம் என்றால் உடனே வர வேண்டும் என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அந்த வார்த்தை என் வயிற்றிலிருந்து வந்தது அல்ல, என் சோம்பேறித்தனத்திலிருந்து வந்தது. சொல்லிவிட்டு ஃபைலில் கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு இரண்டு வாரம் போன் இல்லை. சரியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள எனக்கு அது வசதியாக இருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலை கூப்பிட்டார். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். எட்டு நாளாக அட்மிட். ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டும் சரியாகக் கேட்கவில்லை. டிரிப்பில் வேறொரு மருந்து ஏற்ற வேண்டும், அதுவும் கேட்காவிட்டால் பெருங்குடலை எடுத்துவிட்டு வயிற்றில் பை வைக்க வேண்டும், அதற்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். "நான் போட மாட்டேன்னு சொல்லிட்டேம்மா. ரெண்டு மாசத்துல நிக்காஹ். கொடலை எடுக்கறாங்களாம். நான் புள்ளைய டிஸ்சார்ஜ் பண்ணி வைத்தியர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். அவளுக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு தடவ வந்து அவகிட்ட சொல்லுங்க. உங்களப் பாத்தா தைரியம் வரும்."

பாதி நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். இரண்டு மணி நேரம். வழியில் எந்த ஸ்டாப்பில் இறங்கலாம் என்று பார்க்கவில்லை. ஏழு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

வார்டில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையில் துப்பட்டா சுற்றியிருந்தது. முகம் அதற்குள் எங்கோ இருந்தது. கை எலும்பு தெரிந்தது. கட்டிலுக்கு அடியில் பெட்பேன். கழிப்பறைக்கு ஓடவும் தெம்பில்லை என்று அர்த்தம். அவள் அப்பா ஜன்னல் பக்கம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு மகளிடம், "பாரு, அக்கா வந்துட்டாங்க பாரு. மாத்திரையே இல்லாம எப்படி இருக்காங்க பாரு" என்றார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளும் பார்த்தாள். கழிப்பறை வரிசையை எண்ணிய அதே கண்.

நான் பஸ்ஸில் நிறைய வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. சுவரில் மணி ஒன்றரை. "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன். வெயிலில் வந்திருக்கிறேன், தாகம் என்று நினைத்துக்கொண்டார் அந்த அம்மா. ஃபிளாஸ்கைத் திறந்து, டம்ளரைக் கழுவி, வெந்நீரை ஆற்றி, இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தார். நான் கைப்பையிலிருந்து சம்புடத்தை எடுத்துத் திறந்தேன். இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்து அந்தப் பெண்ணுக்கு நேராக நீட்டினேன். அதன் நிறம் அவளுக்குத் தெரியும். பிறகு வாயில் போட்டு விழுங்கினேன்.

அந்த அம்மா நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. காலி டம்ளரை அந்தக் கையில்தான் வைத்தேன்.

"அன்னிக்கும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள் அவள். குரல் காற்று மாதிரி வந்தது.

"சாப்ட்டேன். மோர் ஊத்த வர்றதுக்கு முன்னாடி."

"எத்தனை வருஷமா?"

"ஏழு வருஷமா. ஆரம்பத்துல ஒரு தடவ நிறுத்தி ரத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நிறுத்தலம்மா."

திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அந்த அம்மா டம்ளரை மேஜைமேல் வைத்தார். துணியால் மேஜையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். மகள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "ம்மா, டாக்டரக் கூப்பிடு. கையெழுத்து போடலாம்" என்றாள். அப்பாதான் போய்க் கூட்டிவந்தார். நான் அங்கே நிற்பதா போவதா என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன்.

டிரிப்பில் ஏற்றிய மருந்து கேட்டது. குடலை எடுக்க வேண்டியதில்லாமல் போயிற்று. இதை அந்த அம்மா எனக்குச் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து, அவள் அப்பாவின் நம்பரிலிருந்து இரண்டு வரி மெசேஜ் வந்தது. நிக்காஹ் தேதி தள்ளிப்போனதாகக் கடைத்தெருவில் கேள்விப்பட்டேன். பிறகு என்ன ஆனது என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

அடுத்த சனிக்கிழமை டாக்டரிடம் பொடியைப் பற்றிச் சொன்னேன். ஐந்து வருடமா என்று கேட்டார். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கோபம் இல்லை, அலுப்பு. அந்த அலுப்பு எனக்கு நன்றாகப் புரிந்தது. ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவை அந்தப் பொடியையும் கொண்டு வாங்க, என்னென்ன சேர்க்கறார்னு எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். இதற்குத்தான் ஐந்து வருடமாகப் பயந்துகொண்டிருந்தேன்.

வைத்தியரிடம் மட்டும் போகவில்லை. இரண்டு பௌர்ணமி வேலை இருக்கிறது என்று சொல்லி மோர் ஊற்றப் போகாமல் இருந்தேன்.

மூன்றாவது மாதம் வளையல் கடைக்குப் போனேன். வேண்டுமென்றுதான் போனேன். அவள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். முகம் ஊதியிருந்தது. அது ஸ்டீராய்டு முகம். யாராவது லட்சணமாக இருக்கிறாள் என்று சொல்லியிருப்பார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அந்த பெஞ்சுல உங்களப் பாத்தவங்க வேற யாரும் இருக்காங்களாக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். கேட்டுவிட்டு, வந்திருந்த வேறொரு பெண்ணுக்குக் கை அளவு பார்க்கப் போய்விட்டாள். நான் மூன்று மாதமாக அவளை நினைத்து அழுதிருக்கிறேன், என்னை நினைத்து அழுதிருக்கிறேன். இந்தக் கேள்வி ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

அங்கிருந்து நேராக அடி அண்ணாமலைக்குப் போனேன். வைத்தியர் முன் அறையில் பட்டை காயவைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் இருந்தது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் பத்தியம் கெடுத்துவிட்டு வராமல் நின்றுவிட்டாள் என்று நினைத்திருக்கிறார். கையிலிருந்த பட்டையை முறத்தில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அஞ்சு வருஷம்ங்க" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, சரி ரெண்டையும் சாப்பிடுங்கன்னு சொல்லியிருப்பேன். யார்கிட்டயும் உங்களக் காட்டியிருக்க மாட்டேன்."

பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவர் யார் பெயரையும் பெயராகப் பதிந்து வைப்பதில்லை. ஊரும் நோயும்தான். 'போளூர் முட்டி', 'கலசபாக்கம் சொறி' என்று நீண்டுகொண்டே போயிற்று. என் நம்பர் 'வேங்கிக்கால் மேடம் வயிறு குணம்' என்று இருந்தது. வெறும் 'வயிறு' என்று இருந்தவர்களைத் தேடினார். அதில் என்னைக் காட்டி அவர் பேசியவர்கள் யார் யார் என்று யோசித்து யோசித்து நாலு பேரை எடுத்தார். வளையல் கடைப் பெண் ஒருத்தி. மீதி மூன்று.

ஸ்பீக்கரில் போட்டு, "மேடம் பேசறாங்க" என்று சொல்லி என் கையில் கொடுத்தார்.

'செங்கம் வயிறு' ஒரு ஆண். நான் சொல்லி முடிக்கிறவரை கேட்டார். பிறகு, "நானும் நிறுத்தலைங்க. ஐயாகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். ஐயா என் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

'ஆரணி டீச்சர் வயிறு' ஏழு மாதமாக நிறுத்தியிருந்தார். இதுவரை ஒன்றும் இல்லையாம். "இப்ப வந்து சொல்றீங்களே, இப்ப நான் இன்னா பண்றது?" என்று கத்தினார். உடனே டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று வைத்தியரே போனை வாங்கிச் சொன்னார்.

மூன்றாவது, 'கீழ்பென்னாத்தூர் வயிறு'. மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டோம். மறுபடியும் அப்படியே. ஆணா பெண்ணா என்று கேட்டேன். பெண், சின்ன வயசு, கைக்குழந்தையோடு வந்தாள், உங்களிடம் மோர் வாங்கிக் குடித்தாள் என்றார். வேறு அடையாளம் அவருக்குத் தெரியவில்லை. நான் எவ்வளவு யோசித்தும் அந்த முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த நம்பரை என் போனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூருக்கே போய், இரண்டு மருந்துக்கடையிலும் ஒரு பால் பூத்திலும் விசாரித்தேன். வயிற்று நோய், கைக்குழந்தை, பெயர் தெரியாது என்றால் யார் என்ன சொல்வார்கள்? தினமும் மதியம் ஆபீஸில் சாப்பிட்டு முடித்ததும் சம்புடத்தைத் திறந்து, எல்லாரும் பார்க்கவே, இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன். பிறகு அந்த நம்பரைக் கூப்பிடுகிறேன்.

இன்றைக்கும் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை.